மதியம் ஒன்றரைக்குத் திரும்பிய பாஷோ

கீரனூரில் மதியம் ஒன்றேகால். சாப்பிட்டதும் கண்ணயரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், அன்று மட்டும் திண்ணையில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். டோக்கியோவில் வேலை பார்க்கும் மகள் வீடியோ காலில் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

இரண்டு வருடமாக, "ஒருதடவை வந்துட்டுப் போங்கப்பா" என்கிறாள். மூட்டுவலி விடவில்லை. "பாஷோ சிலையை மட்டும் காட்டு பாப்பா, போதும்" என்றிருந்தார்.

1916-லேயே பாரதியார் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதியதைப் படித்த நாளிலிருந்து அவருக்கு ஹைக்கூ என்றால் உயிர். வகுப்பில் பாஷோவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மணி அடித்ததுகூடத் தெரியாது.

அதே மனிதர்தான், பத்தாம் வகுப்பில் மகள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்த மூன்று வரியைப் பார்த்து, அந்தத் தாளைக் கிழித்தவர். "முதல்ல மார்க் வாங்கு." அதன்பிறகு அவள் எழுதி அவர் பார்த்ததே இல்லை.

போன் அடித்தது. திரையில் சுமிதா ஆறு.

"1680-ல பாஷோ குடிவந்தது இந்தப் பக்கம்தான்ப்பா. 1917-ல கடல் தண்ணி ஏறி வடிஞ்சப்போ ஒரு கல் தவளை கிடைச்சுதாம். பாஷோ ஆசையா வெச்சிருந்ததுன்னு நம்புறாங்க. பக்கத்து மியூசியத்துல இருக்கு. அவர் கவிதையை வெட்டின கல்லு, ஜப்பான்ல நிறைய ஊர்ல இருக்கு."

"நம்ம குடுமியான்மலையில சங்கீதத்தையே கல்லுல வெட்டியிருக்காங்களே" என்றார், விட்டுக்கொடுக்காமல்.

தோட்டத்தை நாலரைக்கே பூட்டிவிடுவார்களாம். மகள் கீழே ஆற்றோரம் நின்று போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். அங்கே சரியாக ஐந்து மணி. மேலே உட்கார்ந்திருந்த வெண்கல பாஷோ மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தார். தினமும் அந்த நேரத்துக்குத் திரும்பும் சிலை அது.

ஆசிரியர் எதுவும் பேசவில்லை.

"அப்பா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். பாப்பா... அந்தக் கணக்கு நோட்டு ஞாபகம் இருக்கா?"

மறுமுனையில் காற்று இரைந்தது.

"இருக்குப்பா."

"நான் கிழிச்சிருக்கக் கூடாது. இப்பவும் எழுதுறியா?"

"எப்பவாவது."

"அனுப்பு. மார்க்கெல்லாம் போட மாட்டேன்."

அன்றிரவு வாட்ஸ்அப்பில் மூன்று வரி வந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு நாலைந்து தடவை படித்தார். பிறகு பழைய டைரியை எடுத்து, கையெழுத்து கோணாமல் அதைப் பார்த்து எழுதிவைத்தார்.

முதல் பக்கத்தில்.