வட்டம், முக்கோணம், சதுரம்: ‘மினி மெட்ரோ’ எண்ணாமல் விடுவது

‘மினி மெட்ரோ’ என்னும் புதிர் விளையாட்டைக் கற்றுக்கொள்ள எந்த மொழியும் தேவையில்லை. வெளிறிய திரையில் ஒரு வட்டம், ஒரு முக்கோணம், ஒரு சதுரம் தோன்றும். அவை நிலையங்கள். விரலால் கோடிழுத்து இணைத்தால் அதன்மேல் ஒரு சிறு செவ்வகம் ஓடத் தொடங்கும், அது தொடர்வண்டி. வட்டத்தின் அருகே ஒரு குட்டி முக்கோணம் வந்து நின்றால், முக்கோண நிலையத்துக்குப் போக வேண்டிய பயணி ஒருவர் காத்திருக்கிறார் என்று பொருள். பாறசாலையிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பாசஞ்சர் வண்டியில் போய்வரும் ஆய்வு மாணவன் நான். இரண்டாண்டுகளாக இவ்விளையாட்டை, பெரும்பாலும் வண்டிக்குள் இருந்தபடியே, ஆடிவருகிறேன். எளிமை என்னும் கொள்கையின் வலுவும் வரம்பும் இதில் தெரிவதுபோல் வேறெங்கும் எனக்குத் தெரிந்ததில்லை.

முதலில் அதன் பிறப்பு. குறுகிய கால அவகாசத்தில் விளையாட்டுகளை உருவாக்கும் ‘லூடம் டேர்’ என்னும் இணையப் போட்டிக்கு 2013 ஏப்ரலில் தரப்பட்ட தலைப்பே ‘மினிமலிசம்’ என்பதுதான். நியூசிலாந்தின் பீட்டர் கரி, ராபர்ட் கரி சகோதரர்கள் அதற்காக ‘மைண்ட் த கேப்’ என்ற முன்வடிவத்தைச் செய்தனர். அவர்களது டைனோசர் போலோ கிளப் நிறுவனம் அதை வளர்த்தெடுத்து 2015-இல் கணினிக்கும் 2016-இல் கைப்பேசிக்கும் முழு வடிவில் வெளியிட்டது. தோற்றத்துக்கு மூதாதை ஹாரி பெக். அவர் 1931-இல் வரைந்து 1933-இல் அச்சான லண்டன் சுரங்க ரயில் வரைபடத்தில் நேர்கோடுகளும் 45 பாகைச் சாய்வுகளும் மட்டுமே உண்டு. மின்சுற்று வரைபடங்களில் பழகிய அவர், சுரங்கத்துக்குள் செல்பவருக்குத் தொலைவு முக்கியமன்று, எந்த நிலையத்துக்குப் பின் எது, எங்கே மாறவேண்டும் என்பவையே முக்கியம் என்று கண்டுகொண்டார்.

விளையாட்டின் பெருஞ்சிறப்பு, சில விதிகளுக்குள் அது அடக்கியிருக்கும் பொருள்செறிவு. சூத்திரத்துக்கு நம் இலக்கணிகள் வகுத்த இலக்கணம் நினைவுக்கு வரும். புள்ளிக்கோலத்தோடும் ஒப்பிடலாம்; ஆனால் கோலத்தில் புள்ளிகளெல்லாம் வைத்து முடித்த பின்னர்தான் கை கோட்டைத் தொடங்குகிறது. இங்கே கோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய புள்ளிகள் முளைக்கின்றன. நேற்றுவரை ஒழுங்காயிருந்த கோலம், ஆற்றுக்கு அப்பால் ஒரு சதுரம் தோன்றியதும் குலைந்துவிடும். ஆற்றைக் கடக்கச் சுரங்கம் வேண்டும். கையிருப்பில் உள்ளவை மிகச் சில. வாரத்துக்கு ஒருமுறை ஒரு புதிய எஞ்சின் கிடைக்கும். அதோடு புதிய பாதையா, கூடுதல் பெட்டியா, சுரங்கமா என்பதுபோன்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளவேண்டும். அந்த ஒரு தேர்வில் நகரத் திட்டமிடலின் பாதிச் சிக்கல் அடங்கிவிடுகிறது.

அது கற்பிக்கும் முறையையும் ஆசிரியர்கள் கவனிக்கலாம். வட்டங்களே மிகுதியாகத் தோன்றும். அருகருகே இருக்கின்றனவே என்று ஐந்து வட்டங்களை ஒரே கோட்டில் கோத்தால் அக்கோடு திணறும். அங்குள்ள எவருக்கும் வட்டம் தேவையில்லை. வட்டம், முக்கோணம், வட்டம், சதுரம் என்று வடிவங்களை மாற்றி மாற்றிக் கோக்கவேண்டும் என்பதை எந்த அறிவுரையும் சொல்வதில்லை. தோற்றுத்தான் அறிகிறோம், அறிந்தபின் மறப்பதில்லை. ஒலிக்கும் இதே சிக்கனம் உண்டு. டிசாஸ்டர்பீஸ் என்ற பெயரில் அறியப்படும் இசையமைப்பாளரின் ஒலிகள் நாம் இழுத்த கோடுகளிலிருந்தே பிறக்கின்றன.

விளையாட்டு என்ற அளவிலேயே குறைகளும் உண்டு. தொடக்கத்தில் அறிவுக்கு இருக்கும் இடம் முடிவில் பரபரப்புக்குப் போய்விடுகிறது. நேரத்தை நிறுத்திவைத்துக் கோடுகளைக் கலைத்து மீண்டும் இழுக்கலாம், அதற்கு விலையேதும் இல்லை என்பதால் தொலைநோக்கைவிடச் சுறுசுறுப்பே வெல்கிறது. இழுத்த கோட்டை மாற்றவே முடியாத ‘எக்ஸ்ட்ரீம்’ முறை இதைச் சரிசெய்கிறது. எனக்கு அதுவே மூல விளையாட்டாகப் படுகிறது. லண்டன், பாரிஸ், மும்பை என்று நகரங்கள் மாறினாலும் சில மணி நேரத்துக்குப் பின் ஆற்றின் வளைவைத் தவிர அவற்றுள் வேறுபாடு பெரிதாக நிற்பதில்லை.

ஆனால் ஆழமான குறை வேறிடத்தில் இருக்கிறது. அதைத் தொட்டுக்காட்டியவர், ஒருநாள் அமரவிளையில் ஏறி என் அருகே அமர்ந்து திரையைப் பார்த்துக்கொண்டே வந்த மூதாட்டி ஒருவர். “எல்லாரையும் ஏத்தி விடுதியே, டிக்கெட்டு ஆரு எடுக்கா மக்களே?” என்று கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டிருப்பார். ஆயினும் கோட்பாட்டு நூல்கள் பலவற்றைவிட அக்கேள்வி என்னை நெடுநாள் பிடித்துவைத்தது.

இவ்விளையாட்டில் கட்டணம் இல்லை. அதனால் பயணத்தைக் கைவிடுபவரும் இல்லை. தோன்றிய பயணி போய்ச்சேரும்வரை நின்றுகொண்டே இருப்பார். சாதாரண நிலையம் ஒன்றில் ஆறு பேருக்கு மேல் சேர்ந்தால்தான் எச்சரிக்கை வட்டம் நிரம்பத் தொடங்கும். ஐந்து பேர் வாரக்கணக்கில் நின்றாலும் நமக்கு இழப்பேதும் இல்லை. கூட்டம் மட்டுமே தோல்வி. வெறுமையான நிலையம் அங்கே நிறைவான நிலையம்.

1979-இல் திறக்கப்பட்ட திருவனந்தபுரம்–கன்னியாகுமரிப் பாதையில் அமரவிளை, குழித்துறை மேற்கு போன்ற சிறு நிறுத்தங்களை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். பெருந்தொற்றுக்குப் பின் நாடெங்கும் பாசஞ்சர் வண்டிகள் விரைவு வண்டிக் கட்டணத்தில் ஓடின. குறைந்த கட்டணம் 10 ரூபாய் 30 ஆயிற்று. 2024 பிப்ரவரியில்தான் அது திரும்பவும் 10 ஆனது. எங்கள் தெருவில் நகரத்து வீடுகளுக்கு வேலைக்குப் போய்வந்த அக்கா ஒருவர் அந்நாட்களில் போவதை நிறுத்திவிட்டார். நடைமேடையில் அவர் நிற்கவில்லை. எனவே கூட்டத்தைக் கொண்டு அளக்கும் எந்தக் கணக்கிலும் அவர் வரமாட்டார். ‘மினி மெட்ரோ’வின் கண்ணால் பார்த்தால் நிலைமை சீரடைந்திருக்கிறது.

இரண்டாவது, வடிவம் பற்றியது. முக்கோணப் பயணிக்கு எந்த முக்கோணமும் போதும். புதிரின் இன்பமே இந்தச் சமன்பாட்டில்தான் இருக்கிறது. பாறசாலை, நெய்யாற்றின்கரைச் சிற்றூர்களில் தமிழ்வழியில் படிக்க விரும்பும் பிள்ளைக்கு எல்லாப் பள்ளியும் ஒரே வடிவமன்று. அருகிலிருக்கும் முக்கோணத்தைத் தாண்டித் தொலைவிலுள்ள முக்கோணத்துக்குப் போகவேண்டியிருக்கலாம். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு வரையிலான வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அதன்பின் களியக்காவிளைக்கு இப்புறம் ஒரு வடிவமும் அப்புறம் ஒரு வடிவமுமாகத்தான் ரேஷன் கடையும் அரசு அலுவலகமும் இருக்கின்றன. ரயில் மட்டும் இந்த எல்லையைப் பொருட்படுத்துவதில்லை. இருபுறத்து நிலையங்களும் திருவனந்தபுரம் கோட்டத்தின்கீழ் வருகின்றன. 2020-இல் இ-பாஸ் இல்லாமல் எல்லையைக் கடக்க முடியாதிருந்தபோது, நடந்துபோகும் தொலைவிலிருந்த உறவினர் வீடு வேறொரு நகரத்தின் வரைபடத்துக்குப் போய்விட்டதுபோல் இருந்தது.

ஒரு சிறு விளையாட்டின்மீது இவ்வளவு பாரம் ஏற்றுவது முறையா என்று சிலர் கேட்கலாம். எளிமை என்றாலே எதையாவது விடுவதுதானே? உண்மை. ஆனால் பெக் தொலைவைப் படத்திலிருந்து விட்டாரேயன்றி ரயிலிலிருந்து விடவில்லை. படத்துக்கு வெளியே லண்டன் இருந்தது. ‘மினி மெட்ரோ’வில் படத்துக்கு வெளியே ஒன்றுமில்லை. விட்டவை அங்கே இல்லாதவை ஆகிவிடுகின்றன. பெயரையும் தொலைவையும் விட்டதில் எனக்கு மனக்குறை இல்லை. எதை எண்ணுவது என்பதற்கு ஒரே ஒரு விடையை மட்டும் வைத்துக்கொண்டதில்தான் மாறுபடுகிறேன். நெடுநேரம் நின்ற பயணி ஒருவர் மங்கி மறைந்து, அவ்விடத்தில் சாம்பல் நிறப் புள்ளி ஒன்று எஞ்சட்டும். ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு வண்ணமும் கெடாமல் இதைச் செய்யலாம். அவ்வாறு செய்தால் ஆட்ட முடிவில் நாம் ஏற்றிவிட்டவர்களின் எண்ணிக்கையோடு இன்னோர் எண்ணிக்கையும் தெரியும்.

விளையாட்டாய்வில் ஈடுபடும் மாணவர்கள் இதே நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ‘மினி மோட்டர்வேஸ்’ விளையாட்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அங்கே வடிவத்தின் இடத்தை நிறம் பிடிக்கிறது. சிவப்பு வீட்டின் கார் எந்தச் சிவப்புக் கட்டடத்துக்கும் போகும். சாலைகள் மிக அழகாக இருக்கின்றன. அவற்றில் பேருந்தும் இல்லை, நடந்துபோகிறவர்களும் இல்லை.