பாட்டும் பண்பும்

கோலார் தங்கவயலின் லைன் வீடுகளில் வளர்ந்த எங்களுக்கு வீதியே இசைப்பள்ளியாக விளங்கிற்று. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கத் தொழிலை மேற்கொண்ட பின்னர், வட ஆர்க்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து நம் முன்னோர் வந்து குடியேறினர். ஊரை விட்டார்கள், ஊர்ப்பாட்டை விடவில்லை.

ஆர்மோனியமும் கஞ்சிராவும் ஏந்திய பாடகர்கள் வாசல்தோறும் வருவர். இரவு ஷிப்டு முடித்த தந்தையர் உறங்கும் வீட்டின்முன் தாய்மார் சைகை காட்டினால், கஞ்சிரா ஓய்ந்துவிடும். மெல்லிய குரலில் பாடுவர். பாட்டுத் தாழ்ந்ததென்று முறத்து அரிசி குறைந்ததில்லை.

ஒரு நாள் சுரங்கத்தினுள் பாறை வெடித்துத் தரை அதிர்ந்தது. அன்னை சுரங்க வாயிலுக்கு ஓடினார். பாடிக்கொண்டிருந்தவர் ஆர்மோனியத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு, அழுத எங்களை அணைத்தவாறு அமர்ந்திருந்தார். தந்தை நலமே திரும்பிய பின்னரே எழுந்தார். அன்று அரிசியும் வாங்கவில்லை.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. நம்மவர் பலர் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் வேலைக்குச் செல்லலாயினர். அந்த ரயிலொன்றில் கண்ணற்ற முதியவர் ஒருவர் பாடிவந்தார். குறட்டை ஒலி கேட்ட இடத்தில் தாளத்தைத் தாழ்த்திக்கொண்டார்.

"எந்த ஊர், ஐயா?" என்று வினவினோம்.

"சாம்பியன் ரீப் தாங்க" என்றார்.

அயலூரில் நம் மக்களுக்குத் தமிழ்ப்பாட்டுக் கற்பிக்கும் பெற்றோர், பாடி வருவோரை 'நீங்கள்' என்று அழைக்கவும் உடன் கற்பிப்பாராக.