பொன்னானியின் விளக்கு



அரபுக் கல்லூரியில் நாம் ஓதிய 'ஃபத்ஹுல் முஈன்' கிதாபின் முகப்பில் ஆசிரியரின் பெயரோடு 'அல்மலைபாரி' என்று அச்சிடப்பட்டிருக்கும். அந்த மலைபார் எங்கே உள்ளதென்று அன்று நான் விசாரித்ததில்லை. நமக்கு ஷாஃபிஈ மத்ஹபின் சட்டங்களைக் கற்றுத்தந்த அந்நூல் மக்காவிலிருந்தோ மிஸ்ரிலிருந்தோ வந்ததன்று. நமக்கு அயலிலுள்ள கேரளாவில், பொன்னானியில் ஓதிக்கொடுத்த ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) எழுதியது. அப்பெரியாரின் பொன்னானி இன்று மலப்புறம் மாவட்டத்தில் இருக்கிறது. வாருங்கள், அம்மாவட்டத்தை ஒருமுறை சுற்றி வருவோம்.

கோழிக்கோடு, பாலக்காடு மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து 1969 ஜூன் 16ஆம் திகதி மலப்புறம் மாவட்டம் உருவாக்கப்பட்டது. 2011 குடிசன மதிப்பீட்டின்படி அங்கு 41 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். நூற்றுக்கு 70 பேர் முஸ்லிம்கள். கிழக்கே மேற்குத் தொடர்ச்சி மலை, மேற்கே அரபிக்கடல், இடையில் தென்னையும் கமுகும் நிறைந்த மேட்டு நிலங்கள். சாலியாறு, கடலுண்டிப் புழை, பாரதப்புழை ஆகிய ஆறுகள் இம்மண்ணை வளப்படுத்துகின்றன.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். 2019 ஆகஸ்டில் நிலம்பூருக்கு அண்மையிலுள்ள கவளப்பாறையில் மண்சரிவு ஒரு குடியிருப்பையே மூடிவிட்டது. மார்ச் முதல் மே வரை வெப்பம் கடுமை. ஆகவே, பிள்ளைகுட்டிகளோடு செல்வோருக்கு டிசம்பர் முதல் பெப்ரவரி வரையே உகந்த காலம். கரிப்பூர் விமான நிலையம் இம்மாவட்டத்திலேயே உள்ளது.

நிலம்பூரில் ஆங்கிலேயர் 1840களில் நட்ட தேக்கந்தோட்டத்தைக் காணலாம். அன்று நட்ட மரங்கள் இன்றும் வானளாவ நிற்கின்றன. தேக்குக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் அங்குண்டு. கடலுண்டிக் கழிமுகத்தில் கண்டல் காடுகளும் தூரதேசப் பறவைகளும் கண்ணுக்கு விருந்து. கோட்டக்கல்லில் 1902இல் தொடங்கிய ஆயுர்வேத வைத்தியசாலை உலகப் புகழ்பெற்றது. திரூரில் மலையாள மொழியின் தந்தை எனப் போற்றப்படும் எழுத்தச்சனின் நினைவிடம் உள்ளது. 1921 நவம்பரில் ஆங்கிலேயர் கைதிகளைக் காற்றோட்டமில்லாத சரக்குப் பெட்டியில் அடைத்து அனுப்பியதும் இதே திரூரிலிருந்துதான். மலபார் கிளர்ச்சியில் பிடிபட்ட அவர்களில் எழுபது பேரளவில் மூச்சுத்திணறி மாண்டனர்.

இனிப் பொன்னானிக்கு வருவோம். பாரதப்புழை கடலோடு கலக்கும் இப்பழைய துறைமுகத்தில், 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த பெரிய ஜுமுஆப் பள்ளிவாசல் இருக்கிறது. அதன் உள்ளே தொங்கும் எண்ணெய் விளக்கைச் சுற்றி அமர்ந்து, பல ஊர்களிலிருந்தும் வந்த மாணவர் உஸ்தாதிடம் கிதாபு ஓதினர். 'விளக்கத்து இருத்தல்' என்பது அதற்குப் பெயர். ஓதி முடித்தவர் 'முஸ்லியார்' ஆனார். நம் முன்னோரைக் கரையோரப் பட்டினங்களிலிருந்து துரத்திய அதே போர்த்துக்கேயர் மலபாரில் இழைத்த கொடுமைகளை, 'துஹ்ஃபதுல் முஜாஹிதீன்' என்ற நூலில் ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) பதிந்து வைத்தார்.

ஆனால் சகோதரிகளே, அந்த விளக்கைச் சுற்றி அமர்ந்தோர் ஆண்களே! பெண்கள் பலர் அந்த வெளிச்சத்துக்காக நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது.

1991 ஏப்ரல் 18ஆம் திகதி கோழிக்கோட்டில் கேரளா முழு எழுத்தறிவு பெற்றதாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அதைச் செய்தவர் அமைச்சரல்லர். முதிர்ந்த வயதில் எழுதப் படிக்கக் கற்ற, மலப்புறம் மாவட்டத்துக் காவனூரைச் சேர்ந்த சேலக்கோடன் ஆயிஷா என்ற முஸ்லிம் பெண்மணி! திரூரங்காடிக்கு அருகே வாழ்ந்த கே.வி. ராபியா, போலியோவால் கால்கள் செயலிழந்தவர். 1990இல் தம் வீட்டிலேயே முதியோருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். 2022இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. 2025இல் வபாத்தானார். அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்வானாக.

மலையையும் ஆற்றையும் எங்கும் பார்க்கலாம். மலப்புறத்தில் நாம் பார்க்க வேண்டியது, பள்ளிவாசலில் ஏற்றிய விளக்கு பெண்களின் கையில் வீடுகளுக்கு வந்து சேர்ந்த வழியைத்தான். ஓதுமாறு பணித்தே வஹீ தொடங்கியது. அக்கட்டளை ஆண்களுக்கு மட்டும் உரியதன்று.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ, இன்னும் கைநாட்டு வைக்கும் ஒரு உம்மம்மா இருக்கலாம். அஸருக்குப் பின் அரைமணி நேரம் அவரருகே ஒரு கொப்பியோடு உட்காருங்கள். இன்ஷா அல்லாஹ், பொன்னானியின் விளக்கு உங்கள் வீட்டிலும் எரியும்.