நிக்கும்போது சூடாகுதா, ஓடும்போதா?

"வண்டி நிக்கும்போது சூடாகுதுங்களா, ஓடும்போது சூடாகுதுங்களா?"

பானெட்டைத் திறப்பதற்கு முன்பே மேஸ்திரி கேட்டுவிட்டார். கோவை உக்கடம் பக்கம் ஒரு ரேடியேட்டர் பட்டறை. பழைய மாருதி எஸ்டீம் காருக்கு டர்போ பொருத்திக் கொண்டுவந்திருந்தார் ஒரு பொள்ளாச்சி இளைஞர். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் சில சுற்றுகளிலேயே சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிடுகிறதாம். "ஓடும்போதுதானுங்க."

"அப்ப ஃபேனைக் குத்தம் சொல்லாதீங்க தம்பி."

அந்த ஒரு பதிலிலேயே பாதிக் காரணங்கள் கழிந்துபோயின. நிற்கிற வண்டிக்குக் காற்றை இழுத்துத் தருவது ஃபேன். வேகமெடுத்தபின் காற்று தானே வரும். அப்போதும் சூடேறினால், காற்றோ தண்ணீரோ போக வேண்டிய வழியில் போகவில்லை.

மாருதி 800 இன்ஜினை வைத்து கரிவர்தன் ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கிய ஊர் இது. 2003இல் திறந்த அந்தப் பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான். ஆனால் இன்ஜினுக்குத் திறனைக் கூட்டுகிறவருக்குக் கிடைக்கும் மரியாதை, சூட்டை இறக்கித் தருகிறவருக்குக் கிடைப்பதில்லை. எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, சூடாகத் தண்ணீரில்தான் இறங்குகிறது. டர்போ போட்டால் அந்தச் சுமையும் கூடும். அதைச் சுமக்கிற வேலை இந்தப் பட்டறைகளுடையது.

மேஸ்திரி கேஸ் விளக்கால் ஈயத்தை உருக்கி ரேடியேட்டரின் மேல் டேங்க்கைப் பிரித்தார். பித்தளை டியூப்களின் வாயில் வெள்ளையாக உப்பு. "போர் தண்ணி ஊத்தியிருக்கீங்க." சிறுவாணித் தண்ணீர் குடிக்கிற ஊரில் இன்ஜினுக்கு மட்டும் உப்புத் தண்ணீர் என்று அவருக்கு வருத்தம். சுத்தமான பேட்டரித் தண்ணீரில் அளவாகக் கூலன்ட் கலக்கச் சொல்கிறார். கூலன்ட் துருவைத் தடுக்கும். ஆனால் சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீரே கெட்டி.

தட்டைக் கம்பியை ஒவ்வொரு டியூபிலும் விட்டு இழுத்தும் சில டியூப்கள் திறக்கவில்லை. டியூப்கள் அடங்கிய கோரையே புதிதாகப் போட முடிவானது. நாலு வரிசை டியூப் வேண்டும் என்றார் இளைஞர். மேஸ்திரி மறுத்துவிட்டார். "கனம் ஏத்திட்டே போனா காத்து உள்ள நுழையாதுங்க தம்பி. மூணு வரிசை போதும்." டர்போவுக்காக முன்னால் வைத்த இன்டர்கூலர் வேறு, ரேடியேட்டருக்கு வரும் காற்றை முன்கூட்டியே சூடாக்குகிறது.

பிறகு அவர் காட்டியதுதான் எனக்குப் பெரிய பாடம். காரில் ரேடியேட்டர் உட்காரும் இடத்தின் இரு பக்கமும் இரண்டு விரல் நுழையும் சந்து. வருகிற காற்றில் ஒரு பங்கு, கோருக்குள் புகாமல் அந்தச் சுலபமான வழியில் நழுவிவிடுகிறது. பழைய ரப்பர் ஷீட்டை வெட்டிச் சந்துகளை அடைத்தார். பந்தயக் காரோ, சந்தைக்குப் போகும் டெம்போவோ, இந்தச் சந்துகளை அடைக்காமல் எவ்வளவு பெரிய ரேடியேட்டர் வாங்கினாலும் பணம் பாழ்.

தெர்மோஸ்டாட்டையும் யாரோ கழற்றிப் போட்டிருந்தார்கள். நம் ஊரில் பரவலான வழக்கம் இது. 82 டிகிரி வாக்கில் திறக்கத் தொடங்கும் அந்தச் சின்ன வால்வு, முழுதாகத் திறந்துவிட்டால் தண்ணீரைப் பெரிதாகத் தடுப்பதில்லை. அதைக் கழற்றினால் இன்ஜின் வேலைச் சூட்டுக்கு வரத் தாமதமாகி, தேய்மானம்தான் கூடும். புதிது வாங்கிவரச் சொன்னார்.

பற்றவைக்கும்போது திராவகப் புகை கண்ணில் எரிந்தது. ஈயத்துக்கும் புகைக்கும் நடுவே முகமூடியின்றி அவர் குனிந்திருப்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஒரு நல்ல முகமூடியும் புகைபோக்கியும் இந்தத் தொழிலாளிகளின் உரிமை. அந்தத் தொழிலே இப்போது சுருங்கிவருகிறது. பிளாஸ்டிக் டேங்க் வைத்த அலுமினிய ரேடியேட்டர்கள் வந்தபின் பழுது பார்ப்பதை விடத் தூக்கிப் போடுவது சுலபமாகிவிட்டது. பழகவரும் பையன்களும் குறைந்துவிட்டார்கள்.

வாய்களை அடைத்துத் தொட்டியில் முக்கி, காற்றடித்துப் பார்த்தார். குமிழி இல்லை. காரில் மாட்டி, முன்பக்கத்தை மேட்டில் ஏற்றி நிறுத்தி, மூடியைத் திறந்தபடி ஓடவிட்டு, உள்ளே சிக்கிய காற்று முழுதும் வெளியேறும்வரை தண்ணீர் சேர்த்துக்கொண்டே இருந்தார்.

இளைஞர் பணத்தை நீட்டினார். பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார் மேஸ்திரி.

"சித்திரை வெயில்ல கரியில ஓட்டிட்டு வாங்க. முள்ளு ஏறலைன்னா மீதியை வாங்கிக்கறேனுங்க."