கோலியை வித்த கதை

"அனுபவமே இல்லாத மேனேஜர் கையில் டீமோட நட்சத்திர வீரரை விக்கிற பொறுப்பைக் குடுத்தா என்ன ஆகும்?" ஐஸ் ஹாக்கி பார்க்கிற கனடாக்காரர் யாரிடமாவது இதைக் கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் ஒரே பதில்தான் வரும்: 1995, மாண்ட்ரியல், பாட்ரிக் ருவா. (எழுத்துக்கூட்டிப் படித்தால் ராய். பிரெஞ்சுக்காரர்கள் வாயில் ருவா.)

ஹாக்கி தெரியாத மக்களுக்காக ஒரு சின்ன விளக்கம். அங்கே ட்ரேட் என்றால் ஆளுக்கு ஆள் பண்டமாற்று. ஒப்பந்தத்தில் இருக்கிற வீரரை, பெரும்பாலும் அவரிடம் கேட்காமலேயே, இன்னொரு டீமுக்குக் கொடுத்துவிட்டு பதிலுக்கு வேறு ஆட்களை வாங்கிக்கொள்ளலாம். ஆள் இல்லையென்றால், அடுத்தடுத்த வருஷங்களில் வரப்போகிற இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வாங்கிக்கொள்ளலாம். இந்த வியாபாரத்தைச் செய்கிறவர் ஜெனரல் மேனேஜர். கோச் வேற, இவர் வேற.

சரி, கதைக்கு வருவோம். மாண்ட்ரியல் கனேடியன்ஸ் டீமுக்கு 1983ல இருந்து ஜிஎம் சேர்ஜ் சவார். 1986, 1993னு ரெண்டு ஸ்டான்லி கோப்பை ஜெயிச்சவர். ரெண்டிலும் கோலி ருவாதான். 1995 அக்டோபரில் சீசன் தொடங்கி வரிசையாகத் தோற்றதும் டீம் தலைவர் ரொனால்ட் கோரி ஜிஎம்மையும் கோச்சையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார். புது ஜிஎம், ரெஜான் ஊல். ஆட்டக்காரராக அஞ்சு கோப்பை ஜெயித்தவர், ஆனால் அப்போது பார்த்துக்கொண்டிருந்தது மோல்சன் பீர் கம்பெனியில் மக்கள் தொடர்பு வேலை. ஒரு டீமையும் நிர்வகித்ததில்லை. புது கோச் மரியோ ட்ராம்ப்ளே, அதுவரை மைக் பிடித்துக்கொண்டிருந்த வர்ணனையாளர். அவரும் எந்த டீமுக்கும் தலைமைக் கோச்சாக இருந்ததில்லை.

டிசம்பர் 2, சனிக்கிழமை. சொந்த ஊரில் டெட்ராய்ட்டோடு ஆட்டம். கோல் மேல கோல் விழுது. நடுவில் ஒரு சாதாரண பந்தை (பந்து இல்லை, ரப்பர் வில்லை, பக் என்பார்கள்) ருவா தடுத்ததும் கூட்டம் நக்கலாகக் கைதட்டியது. இவரும் பதிலுக்கு ரெண்டு கையையும் தூக்கிக் காட்டினார். ஒன்பது கோல் வாங்கிய பிறகுதான் ட்ராம்ப்ளே அவரை வெளியே எடுத்தார். வெளியே வந்த ருவா கோச்சைத் தாண்டி நேராகப் போய், பின்னால் உட்கார்ந்திருந்த தலைவர் கோரியிடம், மாண்ட்ரியலில் இதுதான் என் கடைசி ஆட்டம் என்று சொல்லிவிட்டு வந்தார். மொத்த ஊரும் டிவியில் பார்த்தது. ஆட்டம் 11-1.

நாலே நாள். டிசம்பர் 6ஆம் தேதி ருவாவும் கேப்டன் மைக் கீனும் கொலராடோவுக்கு. பதிலுக்கு இளம் கோலி ஜோஸ்லின் திபோ, ருச்சின்ஸ்கி, கொவலென்கோ. ஊல் வேலையில் சேர்ந்து ஒன்றரை மாசம்தான் ஆகியிருந்தது. அந்த சீசன் முடிவில், 1996 ஜூனில், கோப்பை கொலராடோவுக்கு. 2001ல் இன்னொரு தடவையும்.

இதோடு நிறுத்தினால் "பார்த்தியா, அனுபவம் இல்லேன்னா இப்படித்தான்" என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு இடிக்கிற இடம் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவர். கொலராடோ ஜிஎம் பியர் லக்ருவா. 1994 வரைக்கும் அவர் வீரர்களுக்கு ஏஜென்ட். ஜிஎம் நாற்காலியில் அவருக்கும் ஒன்றரை வருஷம்தான். ஆனால் அவர் ஏஜென்டாக இருந்தபோது பார்த்துக்கொண்ட வீரர்களில் ஒருத்தர் யார் தெரியுமா? சாட்சாத் ருவாவேதான் :-) எந்த நேரத்தில் கோபம் வரும், எப்போது வெறி பிடித்து ஆடுவார், எல்லாம் அத்துப்படி. பயோடேட்டாவில் "நிர்வாக அனுபவம்" என்ற வரிக்குக் கீழே இதையெல்லாம் எழுத முடியாது.

இன்னொரு பக்கம், அனுபவசாலிகள் மட்டும் என்ன வாழ்ந்தார்கள்? பாஸ்டன் ஜிஎம் மைக் ஓ'கானல் அஞ்சு வருஷமாக அந்த வேலையில் இருந்தவர். 2005 நவம்பர் 30 அன்று தன் கேப்டன் ஜோ தார்ன்டனை சான் ஹோஸேவுக்கு அனுப்பிவிட்டு மூன்று பேரை வாங்கினார். தார்ன்டன் அந்த சீசனில் மொத்தம் 125 புள்ளி எடுத்து, லீகின் மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் விருதையும் வாங்கினார். சீசன் முடிவதற்குள் ஓ'கானலுக்கு வேலை போனது. இதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. தார்ன்டன் போனதால் மிச்சமான சம்பளப் பணம் இருந்ததால்தான் 2006 கோடையில் பாஸ்டனால் ஸ்டேனோ சாராவை வளைக்க முடிந்தது. 2011ல் சாரா கேப்டனாகக் கோப்பையைத் தூக்கினார். தார்ன்டன் கடைசி வரை தூக்கவே இல்லை. ரெண்டு பேரும் 2025ல் ஒரே மேடையில் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனார்கள். இந்த ட்ரேடுக்கு எத்தனை மார்க் போடுவீர்கள்? என்னால் முடியவில்லை.

ஊல் வாங்கிய சரக்கும் பேப்பரில் அவ்வளவு மோசமில்லை. திபோ 1993 தேர்வில் முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர், மாண்ட்ரியலில் பிறந்த பையன், வயசு 20. ருச்சின்ஸ்கி பல வருஷம் நன்றாகவே ஆடினார். விலை போடத் தெரியாதவர் என்று ஊலைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவரிடம் இல்லாதது நேரம். ருவா போயே தீருவார் என்று உலகத்துக்கே தெரிந்தபிறகு வாங்க வருகிறவன் எதற்கு அவசரப்படப்போகிறான்? ஐடியில் இருக்கிறவர்களுக்கு இது புரியும். ஒருத்தர் பேப்பர் போட்டது ஃப்ளோர் முழுக்கத் தெரிந்தபிறகு மேனேஜர் பேசும் கவுன்ட்டர் ஆஃபரும், தெரிவதற்கு முன்னால் காபி குடித்துக்கொண்டே பேசுவதும் ஒன்றா?

சவார் பின்னாளில் ஒன்று சொன்னார். தன்னை அனுப்புவதற்கு முன்பே லக்ருவாவோடு ருவா பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாராம், ஓவன் நோலன் என்ற கோல் அடிக்கும் ஆளும் ஒரு கோலியும் பதிலுக்கு வருவதாகப் பேச்சாம். சண்டை இல்லை, கெடு இல்லை, சத்தமில்லாமல் நடந்த பேச்சு. அனுபவம் என்று ஒன்று உண்டென்றால் அது இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. விக்கிற நாளில் இல்லை, அதற்கு ஆறு மாசம் முன்னால். ஊல் வந்தபோது அந்த ஆறு மாசம் அவருக்குக் கிடைக்கவில்லை. கைக்கு வந்தது அடுத்தவர் மூட்டிய அடுப்பு. புதுசு புதுசாக ரெண்டு பேரை ஒரே வாரத்தில் உட்காரவைத்த கோரி 1982லிருந்து தலைவர். அந்தக் கட்டிடத்திலேயே அதிக அனுபவம் அவருக்குத்தான். அவரை மட்டும் யாரும் ஏன் கேட்பதில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம்.

1996ல் கொலராடோவின் கேப்டன் ஜோ சாகிக். அவரே பிற்காலத்தில் அந்த டீமின் ஜிஎம் ஆனார், ஊல் மாதிரியே ஆட்டக்காரராக இருந்து வந்தவர். நட்சத்திரம் மேட் டுஷேன் வேறு இடம் கேட்டார். 2016-17 சீசனில் டீம் 82 ஆட்டத்தில் வெறும் 48 புள்ளி எடுத்து லீகிலேயே கடைசி. வித்துத் தொலைங்கப்பா என்று எல்லாரும் கத்தினார்கள். சாகிக் அசையவில்லை. கேலி பண்ணினார்கள், அப்போதும் அசையவில்லை. மனசுக்குப் பிடித்த விலை 2017 நவம்பரில்தான் வந்தது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே டுஷேனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அப்போது கிடைத்தவர்களில் சாம் ஜிரார்டும், வாங்கிய தேர்வுரிமையில் எடுத்த போவன் பைரமும் 2022 கோப்பை டீமில் இருந்தார்கள்.

அந்த 48 புள்ளி சீசனுக்கு முன்னால் கொலராடோவின் கோச், நம்ம ருவாதான். டீம் முடிவுகளில் தன் பேச்சு எடுபடவில்லை என்று 2016 ஆகஸ்டில் அவரே ராஜினாமா செய்துவிட்டுப் போனார். அவசரத்துக்கு சாகிக் பிடித்துவந்த ஜேரட் பெட்னர், அதுவரை என்எச்எல்லில் ஒரு ஆட்டத்துக்குக்கூட கோச்சாக நின்றதில்லை. முதல் வருஷமே 48 புள்ளி. சாகிக் அவரையும் விரட்டவில்லை. 2022ல் கோப்பை ஜெயித்தபோது கோச் அவரேதான்.