குர்லா வண்டியும் பந்தய வண்டியும்

சென்ற மாதம் நம் இல்லத்துச் சிறுவன் ஒரு படத்தைக் கொண்டுவந்து நீட்டினான். கூரிய மூக்கும், பின்புறத்தில் இரு தூண்கள்மீது நிற்கும் இறக்கையுமாக ஒரு மோட்டார் கார். “இது பறக்குமா?” என்று கேட்டான். அடியில் இருந்த பெயரை நாம் வாசித்ததும், உடன் அமர்ந்திருந்த அடுத்த வீட்டுப் பெரியவர் நிமிர்ந்தார். “பிளிமத்தா! எங்களுக்கு மூத்தவர்கள் குர்லாவில் பூட்டிய வண்டியல்லவா அது?” என்றார்.

அவர் சொன்னது மெய்யே. வால்சந்த் ஹீராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் கம்பெனி, முதலில் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனத்தோடு சேர்ந்து டாட்ஜ், பிளிமத் வண்டிகளைக் குர்லாவில் பூட்டியது. இத்தாலியின் பியட் பின்னரே வந்தது. செம்பூரிலிருந்து ரயிலேறி நாள்தோறும் குர்லாவைக் கடக்கும் நம்மவருள் எத்தனை பேர் இதை அறிவர்?

படத்திலிருந்தது 1970இல் வந்த பிளிமத் சூப்பர்பேர்ட். கடையில் பொதுமக்களுக்கு விற்கும் வண்டியே பந்தயத்தில் ஓடலாம் என்பது அன்று அமெரிக்க நாஸ்கார் பந்தயத்தாரின் விதியாக இருந்தது. முந்திய ஆண்டில் டாட்ஜ் கம்பெனி ஏறத்தாழ 500 வண்டிகளை இறக்கையோடு செய்து அவ்விதியை நிறைவேற்றியது. மறு ஆண்டில், இரண்டு விற்பனையாளருக்கு ஒரு வண்டி வீதம் செய்தாக வேண்டுமென்று விதி இறுகியது. ஆகவே பிளிமத் 1,900க்கும் மேற்பட்டவற்றைச் செய்தது. போர்டு பக்கம் போய்விட்ட ரிச்சர்டு பெட்டி என்ற பெரும் ஓட்டுநரைத் திரும்ப அழைப்பதும் அதன் நோக்கம். மிகுந்த வேகத்தில் காற்று வண்டியின் வாலைத் தூக்கிவிடும். அதை அழுத்திப் பிடிக்கவே இறக்கை. பறக்க அன்று, பறக்காமலிருக்க! சிறுவனுக்கு இது சற்று ஏமாற்றமே.

அவ்வாண்டின் டேடோனா 500 பந்தயத்தைப் பீட் ஹாமில்டன் அவ்வண்டியில் வென்றார். கடையிலோ வாங்குவாரில்லை. சில விற்பனையாளர் மூக்கையும் இறக்கையையும் கழற்றிவிட்டுச் சாதாரண வண்டியாக விற்றனராம். 1971இல் இறக்கை வண்டிகளின் எஞ்சின் அளவை விதி குறைத்துவிடவே, அந்த ஆட்டம் முடிந்தது. அன்று சீந்தப்படாத வண்டிக்கு இன்று செல்வந்தர் போட்டியிட்டு விலை கொடுக்கின்றனர்.

“நம் பியட்டைப் பந்தயத்தில் யார் விட்டிருக்கப் போகிறார்கள்!” என்று பெரியவர் சிரித்தார். நமக்கு அது பொறுக்கவில்லை. திருநெல்வேலியிலிருந்து இளைஞராக வந்து, இருபத்தாறு ஆண்டுகள் அத்தொழிற்சாலையில் கதவு மாட்டியவர் அவர். அவர் கைபட்ட வண்டிகளுள் எத்தனையோ டாக்ஸியாகி, மாதுங்காவுக்கும் தாராவிக்கும் நம்மவரை மூட்டை முடிச்சுகளோடு கொண்டு சேர்த்தன. அவ்வளவே அவற்றின் பெருமை என்று எண்ணியிருந்தார்.

ஆகவே சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க்கால விமானத்தளமான சோழவரத்தைப் பற்றிச் சொன்னோம். 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்கள் நடத்தியது. அமெரிக்காவில் பந்தயத்துக்கென்று செய்த வண்டியைக் கடையில் விற்றார்கள். நம் நாட்டிலோ கடையில் விற்ற 1,089 சி.சி. பியட்டையே பந்தயத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். பின்னிருக்கைகளைக் களைந்து, எஞ்சினைச் செப்பனிட்டு, ஓடுதளத்தில் விரட்டினார்கள். கோயம்புத்தூர் ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த கரிவர்தன் பின்னர் மாருதி 800இன் எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைச் செய்தார். அவ்வகைக் காரில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005இல் பார்முலா ஒன் வரை சென்றார். அதைக் காணக் கரிவர்தன் இல்லை. 1995இல் சிறுவிமான விபத்தில் மறைந்துவிட்டார்.

பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. கடைசியாகப் பதிவான பத்மினி டாக்ஸியும் 2023 அக்டோபரில் மும்பைத் தெருக்களிலிருந்து விலகியபோதும் அவர் இப்படித்தான் இருந்தார்.

“இருக்கைகளைக் கழற்றினார்கள் என்றீர்களே, தம்பி, கதவு?” என்று பிறகு கேட்டார்.

சோழவரத்துப் பழைய படமொன்றைத் தேடி எடுத்துக் காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

“இருக்கிறது” என்றார். சிறுவனையும் அருகில் அழைத்து, கதவு எங்கே பொருந்துகிறது என்று விரலால் காட்டத் தொடங்கினார்.