பதினெட்டுப் பேருக்கு மலைமேல் சமையல்

மே மாதம் வந்துவிட்டால் மதுரை வெயிலுக்கு அஞ்சி மலையேற நினைக்காத குடும்பம் உண்டா? தாத்தா, பாட்டி, பெரியப்பா, பெரியம்மா, மாமா, அத்தை, சித்தப்பா, சித்தி, அவர்கள் பிள்ளைகள் என்று எங்கள் குடும்பம் முழுவதும் ஒரு வேனில் ஏறிக் கொடைக்கானல் போவது வழக்கம். மொத்தம் பதினெட்டுப் பேர். இத்தனை பேருக்கும் விடுதியில் அறை எடுத்தால் கட்டுப்படியாகாது என்பதால் அடுக்களையோடு கூடிய ஒரு வீட்டை மூன்று நாளைக்கு வாடகைக்குப் பிடிப்போம்.

சாப்பாட்டையாவது உணவகத்தில் முடித்துக்கொள்ளலாமே என்பீர்கள். ஆளுக்கு 150 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு வேளைக்கு 2,700 ரூபாய். எட்டு வேளைக்கு 21,600 ரூபாய்! தாத்தா இந்தக் கணக்கைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கிவிடுவார். ஆகவே சமைத்துத்தான் ஆக வேண்டும்.

2023-ஆம் ஆண்டு அப்படித்தான் போய் வந்தோம். ஊர் திரும்பிய மறுநாள் எதிர்வீட்டு அக்கா அம்மாவிடம், "கொடைக்கானல் ஏரி எப்படி இருந்தது?" என்று கேட்டார். அம்மா சிரித்துக்கொண்டே, "ஏரியைப் பற்றிக் கேட்டால் எனக்குத் தெரியாது. அடுக்களையில் மூன்று ஜன்னல், அதில் ஒன்று சாத்த வராது. அதைக் கேளுங்கள், சொல்கிறேன்" என்றார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நாங்கள் ஏரியில் படகு விட்டதும், குதிரை ஏறியதும், சோளக்கதிர் தின்றதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எதிலும் அம்மா இல்லை. பெரியம்மா இல்லை. அத்தையும் இல்லை.

2025 மே மாதம் மறுபடியும் பயணம் என்று முடிவானபோது, நானும் சித்தியும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டோம். சித்தி கணக்கு ஆசிரியை. "என்ன சமைக்கலாம் என்று யோசிக்காதே. நேரம் எங்கே போகிறது என்று முதலில் பார்" என்றார்.

பார்த்தோம். முதல் குற்றவாளி தோசை. ஆளுக்கு மூன்று என்றால் பதினெட்டுப் பேருக்கு 54 தோசை. ஒரு தோசைக்கு இரண்டு நிமிடம் என்றால் 108 நிமிடம்! சுடுபவர் அத்தனை நேரமும் கல்லின் முன்னால் நிற்க வேண்டும். கடைசியில் ஆறிப்போன சட்டினியோடு தனியாகத் தின்ன வேண்டும். இட்லியோ, ஆளுக்கு நான்கு என்றாலும் 72. பெரிய இட்லிச் சட்டியில் ஓர் ஈட்டுக்கு 24 வேகும். மூன்று ஈட்டில் வேலை முடிந்தது. வேகும் நேரத்தில் யாரும் பக்கத்தில் நிற்கவும் வேண்டாம். "தோசைக்கல் மலையேறக் கூடாது" என்று நோட்டில் முதல் வரியாகச் சித்தி எழுதினார்.

இரண்டாவது குற்றவாளி தேநீர். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. பெரியவர்கள் பதினொரு பேர். ஒருவர் ஆறு மணிக்கு எழுவார், ஒருவர் ஏழரைக்கு. ஒருவருக்குச் சர்க்கரை வேண்டாம், ஒருவருக்கு இஞ்சி வேண்டும். குளிர் வேறு. போன முறை ஒரே நாளில் ஏழு தடவை அடுப்பில் தேநீர் ஏறியதாகப் பெரியம்மா எண்ணிச் சொன்னார். ஆகவே, ஐந்து லிட்டர் பிடிக்கும் பெரிய பிளாஸ்க் ஒன்றை அத்தை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னோம். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை இஞ்சி தட்டிப் போட்டுச் சர்க்கரை இல்லாமல் நிரப்பி வைப்பது. பக்கத்தில் சர்க்கரை டப்பாவும் தம்ளர்களும். வேண்டியவர்கள் தாங்களே ஊற்றிக் குடிக்கலாம். இந்த ஒரு பிளாஸ்க் செய்த உபகாரத்தை வேறு எந்தப் பண்டமும் செய்யவில்லை என்பேன்.

மூன்றாவது, அந்த வாடகை வீட்டின் பாத்திரங்கள். "எல்லாப் பாத்திரமும் உண்டு" என்றுதான் சொல்வார்கள். போன முறை போய்ப் பார்த்தால் நான்கு பேர் குடும்பத்துக்கு ஏற்ற ஒரு வாணலியும் பிடி ஆடும் ஒரு கரண்டியுமே இருந்தன. எனவே பெரிய குக்கர் இரண்டு, இட்லிச் சட்டி, ஓர் அகன்ற வாணலி, நல்ல அரிவாள்மனை ஒன்று ஆகியவற்றை வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டோம்.

மலையேற இ-பாஸ் வேண்டும். 2024 மே மாதத்தில் வந்த ஏற்பாடு அது. அதை மாமா பார்த்துக்கொண்டார். அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பி, வத்தலக்குண்டு தாண்டி ஒரு புளியமரத்தடியில் காலை உணவு. இரண்டு கிலோ அரிசியில் கிளறிய புளியோதரை, வாழையிலைப் பொட்டலங்களாக. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல். மேலே வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே போய்ச் சாப்பிடலாம் என்று பிள்ளைகள் கெஞ்சினார்கள். அங்கே பொட்டலத்தைப் பிரித்தால் குரங்குகள்தான் சாப்பிடும் என்பது முன்பே கண்ட அனுபவம்.

இட்லி மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன முறை அத்தை மலைமேல் போய் மிக்சியில் மாவு அரைத்தார். அந்தக் குளிரில் இரண்டு நாளாகியும் அது பொங்கவே இல்லை. இம்முறை முதல்நாள் மாலையே மதுரையில் அரைத்து, பெரிய தூக்குகளில் பாதியளவு மட்டும் ஊற்றி வைத்தோம். வேன் மலையடிவாரம் சேர்வதற்குள் மாவு பொங்கி மூடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. மேலே போனதும் குளிர் அதை அப்படியே அடக்கிவிட்டது. மூன்றாம் நாள் காலையிலும் அதிகம் புளிக்கவில்லை.

புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், வற்றல் குழம்பு ஒரு பாட்டில், இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கடுகு தாளித்து வறுத்த ரவை ஒன்றரைக் கிலோ, இவ்வளவும் வீட்டிலேயே தயார். வெந்நீர் கொதித்தால் கால் மணியில் உப்புமா. காலையில் கொண்டைக்கடலையை ஊறப்போட்டுவிட்டு ஊர் சுற்றப் போனால் மாலையில் சுண்டல். மாமா கருவாடும் எடுத்து வந்திருந்தார். வேனின் கதவடைத்த சூழ்நிலையில் அதன் பெருமையை எல்லோரும் உணர்ந்தோம். பிள்ளைகளுக்கென்று வாங்கிய நூடுல்ஸ் பொட்டலங்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. தின்ற ஒரு மணி நேரத்தில் மறுபடியும் பசி என்று வந்து நின்றார்கள்.

இனிதான் பெரிய செய்தி. ஒரு நாளைக்கு ஒரு வேளை ஆண்கள் பொறுப்பு என்று நோட்டில் எழுதியிருந்தோம். அதை வாசித்தபோது பாட்டிக்கு மனம் ஒப்பவில்லை. "ஆம்பளைகளை அடுப்படியில விட்டா நல்லாவா இருக்கும்? உருப்படியா ஒண்ணும் வேகாது" என்றார்.

முதல்நாள் மதியம் பாட்டியின் வாக்கு பலிக்கத்தான் பார்த்தது. அன்று சாம்பார் சாதம். 1¼ கிலோ அரிசி, அரைக் கிலோ துவரம்பருப்பு, இரண்டு கிலோ காய்கறி. எல்லாம் ஒன்றாகக் குக்கரில் போக வேண்டும் என்பது எங்கள் திட்டம். பெரியப்பாவோ, "குக்கரில் வெந்த பருப்புக்கு ருசி ஏது?" என்று பருப்பைத் தனியாகத் திறந்த பாத்திரத்தில் ஏற்றினார். ஒரு மணி நேரம் ஆயிற்று. பருப்பு கூழாங்கல் போலக் கிடந்தது. தண்ணீர் என்னவோ தளதளவென்று கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

தோழியரே, இது நம் அறிவியல் பாடந்தான். கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். அதனால் தண்ணீர் 100 டிகிரியை எட்டும் முன்பே, ஏறக்குறைய 93 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். அதற்குமேல் எவ்வளவு விறுவிறுப்பாக அடுப்பை எரித்தாலும் நீராவிதான் அதிகமாகுமே தவிர வெப்பம் ஏறாது. குக்கரில் ஆவி அடைபடுவதால் அழுத்தம் கூடி, 110 டிகிரிக்கு மேலே போகிறது. இதை நான் பெரியப்பாவுக்கு விளக்கத் தொடங்கினேன். "பாடத்தைச் சாப்பிட்டுவிட்டு நடத்தும்மா. குக்கர் எங்கே?" என்றார். அரை மணியில் சாம்பார் சாதம் தயார். அதன்பின் மூன்று நாளும் குக்கரைப் பெரியப்பா வேறொருவரையும் தொட விடவில்லை. இட்லிக்கும் ஊரைவிட இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகக் கொடுத்தோம்.

இரண்டாம் நாள் காலை உணவு ஆண்களுடையது. ரொட்டி, ஜாம், 36 முட்டை அவித்தல். கெடுக்க ஒன்றும் இல்லாத சமையல். வேண்டுமென்றேதான் அப்படி வைத்தோம். அந்த நேரத்தில் அம்மா, பெரியம்மா, அத்தை, சித்தி, நான் ஐவரும் சால்வையைப் போர்த்திக்கொண்டு கோக்கர்ஸ் வாக் போனோம். 1872-இல் கோக்கர் என்ற ஆங்கிலேய அதிகாரி மலைவிளிம்பை ஒட்டி அமைத்த நடைபாதை அது. காலையில் போனால்தான் கீழே சமவெளி தெரியும். நேரம் ஆக ஆகப் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எழுந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். அதாவது, காலைச் சமையல் செய்பவர்களுக்கு அந்தக் காட்சி கிடையாது.

அம்மாவுக்கு முதலில் நிலைகொள்ளவில்லை. "உப்பு எங்கே இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரியுமோ என்னவோ" என்று இரண்டு முறை சொன்னார். சொல்லி வாய் மூடவில்லை, அப்பாவிடமிருந்து தொலைபேசி: "உப்பு எங்கே?" சித்தி அதை வாங்கி, "தேடினால் கிடைக்கும், அத்தான்" என்று சொல்லி அணைத்துத் தம் பையில் போட்டுக்கொண்டார். அதன்பிறகு அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கீழே பார்த்தபடி நின்றார். "நம் ஊர் அந்தப் பக்கமா இருக்கும்?" என்று கேட்டார். பனி வந்து முகத்தில் மோதியபோது பெரியம்மா சின்னப் பெண்ணைப் போலக் கைகொட்டினார். பெரியம்மாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. அன்று மாலை ஏரியிலும் நால்வரும் ஒரே படகில் ஏறினார்கள். துடுப்பு யார் பிடிப்பதென்று அவர்களுக்குள் நடந்த சண்டை கரைவரை கேட்டது.

பாத்திரம் துலக்குவதைப் பற்றி நோட்டில் எழுதியிருந்தது ஒரே வரி: அவரவர் தட்டு அவரவர் கையில். மலைத் தண்ணீர் விரலைக் கடிக்கும் என்பதைத் தாத்தா அன்றுதான் அறிந்தார். மீந்த உணவையும் காய்கறித் தோலையும் வெளியே கொட்டவே கூடாது என்று வீட்டுக் காவலாளி எச்சரித்தார். இரவில் காட்டெருமைகள் ஊருக்குள் நடமாடும். மணம் பிடித்து வாசலுக்கே வந்துவிடுமாம். முதலில் நாங்கள் நம்பவில்லை. மறுநாள் விடியலில் வேலிக்கு அப்பால் கருமலை போல் ஒன்று நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தது. அதன்பின் குப்பை வாளியை மூடுவதற்குச் சித்தப்பா பிள்ளைகளுக்கு நினைவூட்ட வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

கடைசி நாள் மிச்சமிருந்த கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு அனைத்தும் ஒரே கதம்ப சாதமாகி முடிந்தன. ஒரு தூக்கு மாவு மட்டும் மீந்தது. அதைக் காவலாளியின் மனைவியிடம் கொடுத்தோம். அவர் வெறும் தூக்கைத் திருப்பித் தர மனமில்லாமல் மலைப்பூண்டை நிரப்பித் தந்தார். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு அது. பல் சிறியது, காரமும் மணமும் பெரிது. சிறிய பல் என்பதால் உரிக்கத்தான் பொறுமை வேண்டும். வீடு திரும்பிய அன்றிரவு பாட்டி பூண்டுக் குழம்பு வைக்கப்போவதாக அறிவித்தார். அம்மா எழுந்தார். பாட்டி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, முறத்தோடு பூண்டைத் தூக்கிப் பெரியப்பாவின் முன்னால் வைத்தார்.

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு